சேர்ந்து அழியாத பிரதி

2020 ஓகஸ்ட் 17, திங்கட்கிழமை. வத்தளையை ஒட்டிய கெரவலப்பிட்டிய கிரிட் உபமின் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு முழு இலங்கையின் மின்சாரத்தையும் நிறுத்தியது. கொழும்பில் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. நின்றுபோன நுரைச்சோலை அனல்மின் நிலையத்தை மீண்டும் ஓடவைக்க நாட்கள் பிடித்ததால், முறைவைத்து மின்வெட்டு தொடர்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதால் நாடே மறுபடியும் இருண்டது. குரங்கை வைத்து ஊரே சிரித்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி குரங்கைப் பற்றியதல்ல. ஓரிடத்துக் கோளாறு எப்படி எல்லா இடத்துக் கோளாறாகிறது என்பதே கேள்வி. மின்சாரத்தில் இதை நாம் பட்டு அறிந்திருக்கிறோம். நம் பெயர், காணி, மருத்துவப் பதிவு, வங்கிக் கணக்கு என்று எல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும் கணினித் தரவுத்தளங்களைப் பற்றி இதே கேள்வியை இன்னும் போதிய அளவு கேட்கவில்லை.

தரவுத்தளம் என்றால் என்ன, அது நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூஆர் முறையே போதும். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று தொடக்கத்தில் ஒதுக்கினார்கள். வாகனக்காரர் கைபேசியில் காட்டிய குறியீட்டைப் பம்பில் நிற்பவர் ஸ்கேன் செய்தார். எங்கோ இருக்கும் தரவுத்தளத்தில் அந்த வாகன இலக்கத்துக்கு எதிரே இருந்த மீதி பார்க்கப்பட்டது, அடித்த அளவு கழிக்கப்பட்டது, புதிய மீதி எழுதப்பட்டது. எல்லாம் ஒருசில விநாடிக்குள் நடக்க வேண்டியிருந்தது. அந்தத் தரவுத்தளம் ஒரே ஒரு கணினியில் மட்டும் இருந்து, அதன் டிஸ்க் பழுதாகியிருந்தால், நாடு முழுக்க வரிசை அப்படியே நின்றிருக்கும். ஆகவே அதே தரவின் இரண்டாவது, மூன்றாவது பிரதியை வேறு கணினிகளில் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது உடனே பொறுப்பேற்கும்படி செய்கிறார்கள். இன்று பெரிய இணையச் சேவை எதுவும் இந்த ஏற்பாடு இல்லாமல் ஓடுவதில்லை. சேவை எந்நேரமும் கிடைக்கும் என்று நிறுவனங்கள் தரும் வாக்குறுதிக்கு அடிப்படையும் இதுதான். வருடத்தில் 99.9 வீதம் கிடைக்கும் என்றால் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99.99 வீதம் என்றால் 52 நிமிடம் சொச்சம். ஒரு புள்ளிக்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு 9க்கும் செலவு ஏறுகிறது.

பிரதி வைப்பது சொல்லுமளவுக்கு எளிதல்ல. அதே மோட்டார் சைக்கிள்காரர் நீர்கொழும்பு வீதியில் ஒரு நிலையத்தில் நான்கு லீற்றர் அடித்துவிட்டு, களனிப் பாலம் தாண்டி கிராண்ட்பாஸில் இன்னொரு நிலையத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். முதல் பம்ப் எழுதியது ஒரு பிரதியில். இரண்டாவது பம்ப் பார்ப்பது வேறொரு பிரதியில். செய்தி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்றால், மீதி நான்கு லீற்றர் என்றே காட்டும். அவருக்கு இன்னொரு நான்கு லீற்றர். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. எல்லாப் பிரதிகளும் ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்ன பிறகே பம்புக்குப் பச்சை விளக்குக் காட்டுவது. அப்போது பிரதிகள் ஒருபோதும் முரண்படா. ஆனால் ஒரு பிரதி பதில் சொல்லாவிட்டால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். மறுவழி, முதல் பிரதியில் எழுதியதும் பதில் தந்துவிட்டு மற்றவற்றுக்குப் பின்னால் அனுப்புவது. இது வேகம். ஆனால் அனுப்புவதற்கு முன் முதல் கணினி செத்துவிட்டால் கடைசிச் சில விநாடிப் பதிவுகள் போனவைதான். நடுவழியாக வந்ததே பெரும்பான்மை முறை. அமேசன் நிறுவனத்தின் அரோரா தரவுத்தளம் ஒவ்வொரு தகவலையும் மூன்று தனித்தனி நிலையத் தொகுதிகளில் ஆறு பிரதிகளாக வைக்கிறது. நான்கு பிரதி ஒப்புக்கொண்டால் எழுதியதாகக் கணக்கு. ஒரு நிலையத் தொகுதியே முழுதாக விழுந்து, அதனோடு இன்னொரு பிரதியும் கெட்டால்கூட, மிச்சம் மூன்றை வைத்துத் தரவை மீட்கலாம். இதில் தூரமும் ஒரு கணக்கு. ஒளி பைபர் கம்பியில் விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர எந்த வித்தையாலும் 27 மில்லிவிநாடிக்குக் குறைக்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் அவ்வளவு காத்திருந்தால் நெரிசல் நேரத்தில் சேவை தடுமாறும். ஆகவே உடனுக்குடன் ஒத்துப்போகும் பிரதிகளைப் பக்கத்தில் வைக்கிறார்கள். பக்கத்தில் வைத்தால் ஒரே வெள்ளமும் ஒரே மின்வெட்டும் எல்லாவற்றையும் தொடும். இந்த இழுபறியை எந்தத் தொழில்நுட்பமும் முழுதாகத் தீர்த்துவிடவில்லை.

இதுவரை சொன்னது இயந்திரம் பழுதாவதைப் பற்றி. அந்த ஆபத்துக்குப் பிரதிகள் நல்ல பதில். பிழை இயந்திரத்தில் இல்லாமல் கட்டளையில் இருந்தால் கதை வேறு. பிரதியின் குணமே முதல் கணினியில் நடந்ததை அப்படியே தானும் செய்வது. பதிவு ஒன்றை அழி என்றால் ஆறு பிரதிகளும் ஒழுங்காக, வேகமாக அழிக்கும். 2017 ஜனவரி 31இல் கிட்லாப் என்ற மென்பொருள் சேவை நிறுவனத்தில் நடந்ததை அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். அதனால் உலகமே அதிலிருந்து படித்தது. இரண்டாவது பிரதி பின்தங்கிவிட்டது. அதைத் துப்புரவாக அழித்து மறுபடி பிரதி எடுக்க முயன்ற பொறியியலாளர், தான் நிற்பது இரண்டாவது கணினியில் என்று நினைத்து முதல் கணினியில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், தினமும் எடுக்கப்பட வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் நெடுநாளாக எடுக்கப்படவே இல்லை. எடுக்கவில்லை என்று எச்சரித்த மின்னஞ்சல்களும் வழியில் நிராகரிக்கப்பட்டு யாரையும் அடையவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போயே போயின.

2024 மே மாதம் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு நேர்ந்தது இன்னும் தெளிவான சாட்சி. ஆறு இலட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். கூகிள் கிளவுட்டில் இரண்டு இடங்களில் பிரதி. கூகிள் பக்கத்தில் அமைப்பு செய்தபோது ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டதால், அந்தச் சேவை ஒரு வருட முடிவில் தானாக நீங்கிவிடும்படி பதிவாகியிருந்தது. வருடம் முடிந்தது, நீங்கிவிட்டது. இரண்டு பிரதிகளும் சேர்ந்தே போயின. ஏனென்றால் இரண்டையும் கட்டி வைத்திருந்த சந்தா ஒன்று. ஒரு வாரத்துக்கு மேல் உறுப்பினர்கள் தம் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீட்புக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, வேறொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த பேக்கப். எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணுவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அந்தப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே அடியில் வீழ்த்தக்கூடிய காரணம் ஏதாவது உண்டா? அப்படி ஒன்று இருக்குமானால், அந்தக் காரணத்துக்கு முன்னால் ஆறு பிரதியும் ஒரு பிரதிதான். அந்தக் காரணம் மின்சாரமாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம், ஒரு கடவுச்சொல்லாக இருக்கலாம், கட்டப்படாத ஒரு பில்லாகவும் இருக்கலாம்.

நம் நாட்டில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2021இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவு, அரச கிளவுட்டிலிருந்து அழிந்துபோனது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணைக்கு இறங்கியது. மருந்து இறக்குமதியும் பதிவும் சார்ந்த கோப்புகள் அவை. இரண்டு வருடம் கழித்து, 2023 ஓகஸ்ட் 26இல், லங்கா அரச கிளவுட்டில் இயங்கிய மின்னஞ்சல் தொகுதியைக் கப்பம் கேட்கும் தீநிரல் பூட்டிவிட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவையை அரை நாளில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. காரணத்தைத் தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே, அதாவது இக்டாவே, அப்போது சொன்னது. ஒன்லைனில் இணைந்திருந்த பேக்கப்பும் தாக்குதலில் பூட்டப்பட்டது. இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பேக்கப் அந்தக் காலத்துக்கு இல்லை. ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டின் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் பதிப்பு. புதிய பதிப்புக்கு மாற 2021இலிருந்தே திட்டம் இருந்தும் நிதி இல்லாமையாலும் முந்தைய நிர்வாக முடிவுகளாலும் தள்ளிப்போயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, சேவை திரும்பிய வேகமும் தரவு திரும்பாத உண்மையும் ஒரே சம்பவத்தில் இருப்பதுதான். பன்னிரண்டு மணி நேரத்தில் அலுவலகங்கள் மறுபடி மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கின. அந்த மூன்று மாதத்துக்கும் மேலான அரச கடிதப் போக்குவரத்து, நாடு கடன் மறுசீரமைப்புப் பேச்சுகளில் இருந்த காலத்தின் கடிதப் போக்குவரத்து, இல்லாமல் போயிற்று. சேவை நிற்காமலிருப்பது ஒரு இலக்கு. தரவு அழியாமலிருப்பது வேறொரு இலக்கு. முதலாவதை அடைந்துவிட்டு இரண்டாவதையும் அடைந்ததாக நினைத்ததன் விலையே அந்த இழப்பு.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுமா என்ற கேள்வி நியாயமானது. பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில் மருந்துக்கே டொலர் இல்லாதபோது யார் சேவர் வாங்குவது? ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 5,000 கணக்குக்கும் தலா 10 ஜிகாபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 50 டெராபைட். இன்று சந்தையில் கிடைக்கும் 20 டெராபைட் டிஸ்க் மூன்றில் அது அடங்கிவிடும். நல்ல சாதனம், பூட்டிய அறை, பொறுப்பான ஓர் ஆள் எல்லாம் சேர்த்தாலும் ஓர் அமைச்சின் வாகனச் செலவுக்கு முன் அது ஒரு பொருட்டல்ல. செலவு ஏறுவது ஒரு விநாடியும் நிற்கக்கூடாது என்ற இலக்கில்தான். நேற்றிரவு வரைக்குமான தரவாவது பத்திரமாக இருக்க வேண்டும் என்ற இலக்கு மலிவானது. வசதிக் குறைவு மட்டுமே காரணம் என்றால் தென்கொரியாவில் இது நடந்திருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 26இல் தேஜோன் நகரின் தேசிய தகவல் வள நிலையத்தில் லித்தியம் பற்றரி தீப்பிடித்து 600க்கும் மேற்பட்ட அரச இணையத் தொகுதிகள் நின்றன. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட், சாம்பலாயிற்று. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்றார்கள். அதே 20 டெராபைட் டிஸ்க் 43 இருந்தால் ஒரு முழு நகல் எடுத்துவிடலாம். உலகின் பணக்கார, கணினியில் தேர்ந்த அரசுகளில் ஒன்று அதைச் செய்யவில்லை. அதற்குப் பணம் தடையாக இருந்தது என்று என்னால் ஏற்க முடியாது.

இன்னொரு வாதம், பெரிய கிளவுட் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது. பாதி உண்மை. டிஸ்க் பழுதையும் மின்தடையையும் நம்மில் யாரையும்விட அவர்கள் நன்றாகக் கையாள்கிறார்கள். வத்தளையில் ஒரு அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே வைத்த சேவரைவிட மும்பையிலோ சிங்கப்பூரிலோ வாடகைக்கு எடுத்த தரவுத்தளம் பல மடங்கு பாதுகாப்பானது, இதில் சந்தேகமில்லை. ஆனால் வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து வரும் அழிப்புக் கட்டளையை அவர்கள் தாமாகத் தடுக்க மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. அவர்களும் விழுவதுண்டு. 2025 ஒக்டோபர் 20இல் அமேசனின் வட வேர்ஜினியா நிலையங்களில் டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவை எட்டாமற் போனது. தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிரதிகள் எல்லாம் நலமாகவே இருந்தன. அந்தச் சேவையின் இணைய முகவரியைப் பராமரிக்கும் தானியங்கி மென்பொருளின் இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று முந்தியதில் முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டது. போய்ச் சேர வழி தெரியாததால் உலகெங்கும் செயலிகள் மணிக்கணக்கில் நின்றன. அங்கேயும் எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவாக இருந்த ஒரே ஒரு பொருள்தான் வழுக்கியது.

தரவை நாட்டுக்கு வெளியே வைக்கலாமா என்பது இவற்றுள் கனமான ஆட்சேபம். நம் மக்களின் விவரம் வேறொரு நாட்டின் சட்டத்துக்குக் கீழே போய் உட்காருவது சின்ன விஷயமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லை தாண்டும் தரவுக்குத் தனி ஏற்பாடே வைத்திருக்கிறது. பிரதி ஒவ்வொன்றும் திருடனுக்கு இன்னொரு வாசல் என்பதும் மெய். அதற்காக எல்லாவற்றையும் கொழும்பிலேயே அடுக்குவது சரியாகிவிடாது. கொழும்பைச் சுற்றி இரண்டு தரவு நிலையங்கள் வைத்தால் பெயருக்கு இரண்டு. மின்சாரம் அதே கிரிட்டிலிருந்து. வெள்ளம் அதே களனி ஆற்றிலிருந்து. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் களனி பெருகியதைக் கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாட்டுக்குள்ளேயே தூரம் கிடைக்கிறது. யாழ்ப்பாணம் சுமார் 300 கிலோமீற்றர். கேபிள் சுற்றிப் போனாலும் ஒரு பதிவு போய்வர நாலைந்து மில்லிவிநாடியே ஆகும். ஒத்துப்போகும் பிரதிக்கு அது தாங்கக்கூடிய காத்திருப்பு. ஆனால் கிரிட் அங்கேயும் அதே கிரிட்தான். சொந்த ஜெனரேட்டரும் பல நாள் டீசலும் இல்லாமல் அது வெறும் தூரம் மட்டுமே. மூன்றாவது நகல் ஒன்றை வெளிநாட்டில் வைப்பதற்கு எஸ்தோனியா ஒரு வழி காட்டியிருக்கிறது. 2017இல் லக்சம்பேர்க்குடன் ஒப்பந்தம் செய்து, அங்குள்ள தரவு நிலையத்தில் தன் முக்கிய அரச பதிவேடுகளின் நகலை வைத்தது. அந்த இடத்துக்குத் தூதரகத்துக்கு உரியதைப் போன்ற பாதுகாப்பு உண்டு. அப்படி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், இங்கேயே பூட்டி, சாவியை இங்கேயே வைத்துக்கொண்டு, பூட்டிய நகலை மட்டும் வெளியே அனுப்பலாம். மறைகுறியாக்கம் இன்று அதற்கு முழுதும் போதுமானது. சாவியைத் தொலைத்தால் நகலும் போயிற்று என்பதால் சாவிக்கும் இரண்டு இடம் வேண்டும்.

இதில் பாதி வேலை தொழில்நுட்பவியலாளருடையதே அல்ல. எத்தனை மணி நேரச் சேவைத் தடையைத் தாங்கலாம், எத்தனை நிமிடத் தரவு போனால் பொறுக்கலாம் என்ற இரண்டு எண்களை நிர்வாகம் தீர்மானித்து எழுத வேண்டும். வைத்தியசாலைக்கு ஒரு எண், நூலகத்துக்கு வேறு எண். யாரும் எழுதாவிட்டால் அந்த எண்களை விபத்து எழுதிவிடும். 2023இல் அது மூன்று மாதம் ஒன்பது நாள் என்று எழுதியது. அடுத்தது, மீட்டுப் பார்ப்பது. கிட்லாப் நிறுவனத்திடம் காகிதத்தில் ஐந்து வகைப் பாதுகாப்பு இருந்தது. அவற்றை யாரும் பொறுப்பெடுத்து ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. வெற்றுக் கணினி ஒன்றை எடுத்து, பேக்கப்பிலிருந்து முழுத் தரவுத்தளத்தையும் ஏற்றி, கடைசிப் பதிவு எந்த நேரத்தது, ஏற்ற எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்வதுதான் அந்தச் சோதனை. சலிப்பான வேலை, பாராட்டும் கிடைக்காது. அதனால்தான் ஒப்பந்தப் பத்திரத்திலேயே அதை எழுத வேண்டும் என்கிறேன். கேள்விப்பத்திரம் கோரும்போதே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்புச் சோதனை, அதன் அறிக்கை கணக்காய்வாளருக்கு, அழிக்கும் உரிமை உள்ள கணக்கும் பேக்கப் கணக்கும் வெவ்வேறு ஆட்களிடம் என்ற மூன்று நிபந்தனைகள் இருந்தால், 2021இன் இழப்பும் 2023இன் இழப்பும் இந்த அளவுக்கு வந்திருக்காது.

2025 பெப்ரவரியில் கவ்பே வந்துவிட்டது. அரச கட்டணங்களைக் கைபேசியிலிருந்தே கட்டலாம். டிஜிட்டல் அடையாள அட்டைக்கு விரல்ரேகையும் கருவிழிப் பதிவும் திரட்டும் திட்டம் இருக்கிறது. மின்னஞ்சல் தொலைந்தால் எதிர்ப்பக்கத்தாரிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கலாம். ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் விரல்ரேகைப் பதிவு தொலைந்தால் அத்தனை பேரையும் பிரதேச செயலகங்களுக்கு மறுபடி வரிசையில் அழைக்க வேண்டும். அப்படியான அரச தரவுத்தளங்களின் மீட்புச் சோதனை கடைசியாக எந்தத் திகதியில் நடந்தது, எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதைப் பாராளுமன்றத்தில் கேட்கவும் பத்திரிகைகள் கேட்கவும் எந்த இரகசியச் சட்டமும் தடையில்லை. நீர்கொழும்பு வீதியில் ஒன்லைனில் மருந்தோ உடுப்போ விற்கும் சிறு வியாபாரிக்கும் இதே கணக்குத்தான். கிளவுட் தரவுத்தளத்தின் பிரதி வசதி இயக்கத்தில் இருக்கட்டும். அதோடு ஒவ்வொரு இரவும் ஒரு நகல், வேறு நிறுவனத்தில், வேறு கடவுச்சொல்லில், அழிக்க முடியாதபடி முப்பது நாள் பூட்டி. மாதத்துக்கு ஒரு சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். வாரத்தில் ஒரு நாள் அதைத் திறந்து பார்க்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடுத்திருக்க வேண்டும்.